அம்மாவின் வாழ்க்கைக் குறிப்பை எழுதுவது எப்படி?

தென்மாவட்டங்களில் உள்ள நம் சபைகளில் ஒரு தாயார் கர்த்தருக்குள் நித்திரையடைந்தால், அடக்க ஆராதனையிலோ அதன்பின் நடக்கும் நினைவு ஆராதனையிலோ அவருடைய வாழ்க்கைக் குறிப்பு வாசிக்கப்படும். அதை எழுதும் பொறுப்பு, வீட்டில் நன்றாக எழுதுகிறவர் என்று பெயரெடுத்த பிள்ளைக்கோ பேரப்பிள்ளைக்கோ, அழுகை ஓயாத முதல் நாளிலேயே வந்து சேரும். எழுதுகிறவரும் பதற்றத்தில், முன்பு பல வீடுகளில் கேட்ட சொற்களையே எடுத்துக்கொள்வார்: ஜெப வாழ்க்கை உள்ளவர், இன்முகம் கொண்டவர், ஈகைக் குணம் நிறைந்தவர். இவை அனைத்தும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் பெயரை மட்டும் மாற்றினால் அதே தாள் பக்கத்துத் தெருத் தாயாருக்கும் பொருந்திவிடும் என்றால், நம் தாயாரைப் பற்றி நாம் இன்னும் ஒன்றுமே எழுதவில்லை என்றுதான் பொருள்.

அப்போஸ்தலர் நடபடிகள் 9ஆம் அதிகாரத்தில், யோப்பா பட்டணத்துத் தபீத்தாள் இறந்தபோது பேதுருவைச் சூழ்ந்து நின்ற விதவைகள் அவருடைய குணங்களை வருணித்துக்கொண்டிருக்கவில்லை; அவர் உயிரோடிருந்த நாட்களில் தைத்த அங்கிகளை எடுத்துக் காட்டி அழுதார்கள். வாழ்க்கைக் குறிப்பு எழுத உட்காருகிறவருக்கு இதைவிடத் தெளிவான வழிகாட்டுதலை நான் கண்டதில்லை. அங்கியை எடுத்துக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். என் தாயாருக்கும், பின்னர் உறவினர் வீடுகள் சிலவற்றுக்கும் எழுதியபோது நான் கற்றுக்கொண்டவற்றை இங்கே சொல்கிறேன். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளின் வழக்கத்தை வைத்தே சொன்னாலும், லுத்தரன், கத்தோலிக்கக் குடும்பங்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

அவருடைய வேதாகமத்திலிருந்து தொடங்குங்கள்

சாவு வீட்டில் அறையை ஒழுங்குபடுத்துகிறோம் என்று யாராவது கிளம்புவதற்கு முன், தாயார் அன்றாடம் வாசித்த வேதாகமத்தையும், ஆராதனையில் பாடும் பாமாலை, கீர்த்தனைப் புத்தகங்களையும் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். உள்ளே இருக்கும் துண்டுச் சீட்டு எதையும் உருவி எடுக்கக் கூடாது. எந்தப் பக்கத்தில் எது இருந்தது என்பதுதான் செய்தி; வெளியே எடுத்துவிட்டால் அது வெறும் காகிதம். முதலில் முன்னட்டையின் உட்பக்கம் தொடங்கிக் கடைசிவரை, குறிப்பு எழுதிய பக்கங்களையும் ஏதாவது செருகியிருக்கும் பக்கங்களையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வேதாகமத்தின் வெற்றுத் தாள்களில் பிள்ளைகளின் பிறந்த நாளும் ஞானஸ்நான நாளும் எழுதிவைக்கும் பழக்கம் நம் வீடுகளில் நெடுங்காலமாக உண்டு. எந்த அலுவலகத்திலும் கிடைக்காத தேதிகள் அங்கே கிடைக்கும்.

என் தாயாரின் வேதாகமத்தில் சங்கீதம் 121 இருந்த பக்கம் மற்றப் பக்கங்களைவிட மெலிந்து, ஓரம் பழுப்பேறிக் கிடந்தது. கர்த்தர் நம் போக்கையும் வரத்தையும் காப்பார் என்று முடிகிற சங்கீதம் அது. அந்தக் கடைசி வசனத்தின் பக்கத்தில், பென்சிலால், மேலிருந்து கீழாகத் தேதிகள் எழுதியிருந்தார். முதலில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு ஒரு தேதி பிடிபட்டது. நான் வேலைக்காக முதன்முதலில் வடநாட்டுக்கு ரயில் ஏறிய நாள் அது. அதன் கீழே தங்கை கல்யாணமாகிப் போன நாள், தம்பி வெளிநாட்டுக்குப் போன நாள், அவன் திரும்பி வந்த நாள், பேத்தி விடுதியில் சேர்ந்த நாள் என்று ஓரம் முழுவதும் நிறைந்திருந்தது. திரும்பி வந்த தேதிகளுக்கு மட்டும் சிறிய சிலுவைக் குறி போட்டிருந்தார். சங்கீதம் 20இன் பக்கத்தில் இரண்டு பேரப்பிள்ளைகளின் பத்தாம் வகுப்புத் தேர்வு எண்கள் இருந்தன. "ஜெப வாழ்க்கை உள்ளவர்" என்று நான் முதலில் எழுதியிருந்த வரியை அடித்துவிட்டு, இந்த ஓரத்தைப் பற்றி மட்டும் எழுதினேன். வாசித்தபோது, கோயிலில் உட்கார்ந்திருந்த அந்தப் பேத்திக்குத் தன் பெயர் சொல்லப்படாமலேயே தெரிந்துவிட்டது.

எல்லாத் தாயார்களும் இப்படி எழுதிவைப்பதில்லை. எழுதப் படிக்கத் தெரியாமலே வாழ்நாள் முழுவதும் கோயிலுக்குப் போன தாயார்களும் பாட்டிமார்களும் நம்மிடையே ஏராளம். அவர்களுக்கு வேறு தடயங்கள் இருக்கும்: குருத்தோலை ஞாயிறு அன்று மடித்துக் கதவு நிலையில் செருகிய ஓலைச் சிலுவை, புத்தாண்டு ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டைகளைச் சேர்த்துவைத்த தகர டப்பா, பெண்கள் ஐக்கிய சங்கத்தின் சந்தா ரசீது, உலை வைக்கும் ஒவ்வொரு வேளையும் ஆண்டவருக்கென்று ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துப் போட்ட கலயம். திருநெல்வேலித் திருச்சபையார் 1903இல் தொடங்கிய இந்திய மிஷனெரி சங்கத்துக்கு அவர் ஆண்டுதோறும் காணிக்கை அனுப்பியிருந்தால், அந்த ரசீதுக் கட்டும் எங்கேயாவது இருக்கும். தான் ஒருநாளும் பார்த்திராத ஊர்களின் ஊழியத்துக்காக அவர் பணம் ஒதுக்கினார் என்பது குறிப்பில் இடம்பெற வேண்டிய செய்தி.

தேதிகளைச் சரிபார்த்தல்

1969ஆம் ஆண்டுப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்துக்கு முன் பிறந்த பெண்கள் பலருக்குப் பிறப்புச் சான்றிதழே இருக்காது. பள்ளிச் சான்றிதழில் உள்ள தேதியையும் அப்படியே நம்பிவிட முடியாது. வலக்கை தலையைச் சுற்றி இடக்காதைத் தொட்டால் ஐந்து வயது நிரம்பிவிட்டது என்று கணக்கிட்டு, தலைமையாசிரியரே ஒரு தேதி போட்டுச் சேர்த்துக்கொண்ட காலம் அது. ஆகவே கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்ப்பதே நல்லது. பதிவுகள் ஞானஸ்நானம் நடந்த நாளின் வரிசைப்படி இருக்குமே தவிர, பிறந்த நாளின் வரிசைப்படியோ பெயரின் அகரவரிசைப்படியோ இருக்காது. எனவே பிறந்ததாகச் சொல்லப்படும் ஆண்டையும் அதற்கு அடுத்த இரண்டு ஆண்டுகளையும் தேட வேண்டும். பெற்றோர் பெயர், ஊர், தகப்பனாரின் தொழில் ஆகியவை அந்த ஒரே வரியில் கிடைக்கும். ஞானப் பெற்றோரின் பெயர்களும் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். தாயாரின் குழந்தைப் பருவத்தில் எந்தக் குடும்பம் நெருக்கமாக இருந்தது என்பதை அவை காட்டிக்கொடுக்கும்.

திருமணப் பதிவேட்டில் மணமக்களின் வயதும் எழுதப்பட்டிருக்கும். ஞானஸ்நானப் பதிவேடு கிடைக்காதபோது அதிலிருந்து பிறந்த ஆண்டைக் கணக்கிடலாம். கிடைத்தாலும் இரண்டையும் ஒத்துப் பார்ப்பது நல்லது. திடப்படுத்தல் (திருவிருந்தில் பங்குபெறத் தகுதி தரும் சடங்கு) பெற்ற ஆண்டையும் விடாமல் தேடுங்கள். முதல் திருவிருந்து எடுத்த நாளைப் பிறந்த நாளைவிட நன்றாக நினைவில் வைத்திருந்த தாயார்களை நான் அறிவேன்.

பழைய தாள்களை வாசிக்கும்போது குழப்பம் தருகிற சில செய்திகளையும் சொல்லிவிடுகிறேன். தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27 அன்று உருவானது. அதற்கு முந்தைய சான்றிதழ்களில் மிஷன் சங்கத்தின் பெயரோ ஆங்கிலிக்கன் திருச்சபையின் பெயரோ இருக்கும். தூத்துக்குடி மாவட்டம் 1986இல்தான் பிரிந்தது என்பதால், நாசரேத்திலோ மெஞ்ஞானபுரத்திலோ பிறந்த தாயாரின் தாள்கள் அவரைத் திருநெல்வேலி மாவட்டத்தார் என்றே சொல்லும். அந்த ஊர்கள் 2003 முதல் தூத்துக்குடி-நாசரேத் திருமண்டலத்தை, அதாவது அந்தப் பேராயரின் ஆளுகைப் பகுதியை, சேர்ந்தவை. அதற்கு முன் திருநெல்வேலித் திருமண்டலம். கன்னியாகுமரிப் பகுதி 1949 வரை திருவிதாங்கூரையும், பின்னர் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியையும் சார்ந்திருந்ததால், அங்குள்ள பழைய பத்திரங்களில் கொல்லம் ஆண்டு காணப்படும். அதனுடன் 824 அல்லது 825 சேர்த்தால் ஆங்கில ஆண்டு வரும். கொல்லம் 1110 என்றால் 1934-35.

சேகரகுருவிடம் (உங்கள் சபையைக் கவனிக்கும் குருவானவர்) முன்கூட்டியே சொல்லிவிட்டு, ஞாயிறு அல்லாத ஒரு நாளில் போய்ப் பதிவேட்டைக் கேளுங்கள். பழைய தாள் முறியக்கூடியது. மெதுவாகத்தான் புரட்ட வேண்டும்.

யாரிடம், எதைக் கேட்பது

"அம்மா எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால், "தங்கமானவர்" என்ற பதிலோடு கண்ணீர்தான் வரும். நாம் தேடும் அங்கி வராது. ஞாயிறு காலை எத்தனை மணிக்கு எழுந்திருப்பார், எந்தச் சேலையைத் திருவிருந்துக்கென்று ஒதுக்கிவைத்திருந்தார், கோயிலில் எந்தத் தூணோரம் உட்காருவார், லெந்து எனும் தவக்கால நாட்களில் எதை விட்டுவிடுவார், சபையார் ஒன்றாக உண்ணும் அசனப் பண்டிகைக்கு எதைக் கொடுப்பார், அங்கே போய் எந்த வேலையைத் தன் வேலையாக எடுத்துக்கொள்வார் என்று கேளுங்கள். கேட்ட கேள்விக்குப் பதில் வருவதற்குள், கேட்காத பத்து செய்திகள் பின்னால் வந்துவிடும்.

முதலில் மருமகளிடம் போங்கள். குறிப்பு எழுதுகிற பிள்ளைகள் மாமியாரோடு ஒரே அடுக்களையில் இருபது முப்பது ஆண்டுகள் நின்ற மருமகளைக் கேட்க மறந்துவிடுகிறார்கள். இது பெரிய குறை. தாயார் விடியற்காலையில் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டே எந்தக் கீர்த்தனையைப் பாடுவார் என்பதும், யாருக்கும் தெரியாமல் யார் வீட்டுக்குக் குழம்பு கொடுத்தனுப்புவார் என்பதும் அவருக்குத்தான் தெரியும். எங்கள் வீட்டில், கோயில் தெருவில் தனியாக இருந்த ஒரு முதியவருக்கு வாரத்தில் மூன்று நாள் அம்மா சாப்பாடு அனுப்பிய செய்தி, பிள்ளைகள் ஒருவருக்கும் தெரியாது. தூக்குவாளியை எடுத்துப் போனது என் மனைவி.

பேரப்பிள்ளைகளைப் பெற்றோர் முன்னிலையில் வைத்துக் கேட்காமல், தனியாகக் கேளுங்கள். பிள்ளைகள் அறிந்த தாயாரும் பேரப்பிள்ளைகள் அறிந்த பாட்டியும் வேறு வேறு ஆட்கள் போலவே இருப்பார்கள். நம்மைப் பிரம்போடு குடும்ப ஜெபத்துக்கு உட்காரவைத்தவர், பேரன் ஜெபத்தின் நடுவில் தூங்கிப்போனால் தலையை மடியில் சாய்த்துக்கொள்வார். காணிக்கைப் பை பக்கத்து வரிசைக்கு வரும்வரை காத்திருந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்து, பேத்தியின் உள்ளங்கையில் நாணயத்தை வைத்து அழுத்துகிற அந்த ஒரு நொடி, எத்தனையோ பேருக்குக் கோயிலைப் பற்றிய முதல் நினைவு. நாணயம் சூடாக இருக்கும் என்று ஒரு பேத்தி என்னிடம் சொன்னாள். அதை அப்படியே எழுதிக்கொண்டேன்.

கோயிலில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த தோழியையும், அவரிடம் ஞாயிறு பாடசாலையில் படித்தவர்களையும் தேடிப் போங்கள். சபைக்கு வெளியே இருப்பவர்களையும் கேளுங்கள். கிறிஸ்மஸுக்கு முந்திரிக்கொத்தும் முறுக்கும் வாங்கிக்கொண்டு, தீபாவளிக்கும் பெருநாளுக்கும் பதில் தட்டு அனுப்பிய அண்டை வீட்டார், தாயாரின் விசுவாசத்தை வெளியிலிருந்து பார்த்தவர்கள். அவர்கள் வேதவசனம் சொல்லமாட்டார்கள்; அவர் நடந்துகொண்ட விதத்தைத்தான் சொல்வார்கள்.

முதியவர்கள் பேசுவதைக் கைப்பேசியில் பதிவு செய்வதாக இருந்தால் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். வெளியூரில் இருப்பவர்களிடம் வாட்ஸ்அப்பில் குரல் பதிவாகவே அனுப்பச் சொல்லுங்கள். எழுதச் சொன்னால் மறுபடியும் இரங்கற்பா நடைக்குப் போய்விடுவார்கள்.

எழுதும்போது

ஆராதனையில் வாசிக்கும் குறிப்பு ஐந்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது. நிதானமாக வாசித்தால் ஏறக்குறைய 500 சொற்கள்தான் அதற்குள் அடங்கும். சேகரித்த மற்ற அனைத்தையும் நினைவு மலருக்கு வைத்துக்கொள்ளலாம். பிறப்பு, பெற்றோர், படிப்பு, திருமணம் என்று தொடங்காமல், அவரை அவருடைய வழக்கமான இடத்தில் நிறுத்தி முதல் வரியை எழுதுங்கள். "அவர் சபையின்மேல் மிகுந்த பற்றுள்ளவராயிருந்தார்" என்பதற்குப் பதிலாக, "ஞாயிற்றுக்கிழமை முதல் மணி அடிக்கும்போது எங்கள் வீட்டுக் கதவு பூட்டியிருக்கும், இரண்டாம் மணி அடிக்கும்போது அம்மா மூன்றாம் வரிசைத் தூணோரம் முழங்காலில் இருப்பார்" என்று எழுதினால், கேட்கிறவர்களின் கண்கள் தாமாக அந்தத் தூணின் பக்கம் திரும்பும். தேதிகளை அதன்பின் ஒரே பத்தியில் முடித்துவிடலாம்.

பிள்ளைகளின் பட்டங்களையும் பதவிகளையும் அவர்கள் வசிக்கும் நாடுகளையும் அடுக்குவது இப்போது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. தாயாரின் குறிப்பில் பாதியை அது விழுங்கிவிடுகிறது. பெயர்கள் போதும். பிள்ளைகளைப் படிக்கவைக்க அவர் என்ன விற்றார், எதை அடகு வைத்தார், எத்தனை மணிக்கு எழுந்து பீடி சுற்றினார் அல்லது பாய் முடைந்தார் என்பது பட்டங்களைவிட அவருக்கு உரியது.

பெயர்களை எழுதும்போது நான் செய்த தவறு ஒன்றை நீங்கள் செய்யாதிருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். என் தாயாரின் குறிப்பில் "நான்கு பிள்ளைகளின் தாய்" என்று எழுதி வாசித்துவிட்டேன். ஆராதனை முடிந்தபின் என் சித்தி கல்லறைத் தோட்டத்து வாசலில் என்னை நிறுத்தி, "அக்கா ஒரு நாளாவது நாலு பிள்ளைன்னு சொல்லி நீ கேட்டிருக்கியா?" என்று கேட்டார்கள். கேட்டதில்லை. எனக்கும் தம்பிக்கும் நடுவில் பிறந்து பதினோரு மாதத்தில் இறந்துபோன ஒரு தம்பியைச் சேர்த்து, அம்மா எப்போதும் ஐந்து என்றே சொல்வார். அவன் பெயரும் ஞானஸ்நான நாளும் வேதாகமத்தின் முன்தாளில் மூன்றாம் வரியில் இருந்தன. நான் அதைப் படம் எடுத்திருந்தேன், பார்த்திருந்தேன், எண்ணவில்லை. நினைவு மலரில் திருத்தினேன். ஆனாலும் அன்று கோயிலில் அவன் பெயர் வாசிக்கப்படவில்லை. பிள்ளைகளை எண்ணும்போது தாயார் எண்ணியபடியே எண்ணுங்கள்.

துன்பங்களையும் விசுவாசம் தளர்ந்த காலங்களையும் எழுதலாமா என்று பலர் கேட்கிறார்கள். குடும்பத்தார் ஒப்புக்கொண்டால் எழுதலாம் என்பது என் கருத்து. அந்தக் குழந்தையை அடக்கம் செய்தபின் அம்மா ஏறக்குறைய ஓர் ஆண்டு கோயிலுக்கு வந்து உட்காருவாராம், பாடமாட்டாராம். சித்தி சொல்லித்தான் இதை அறிந்தேன். பாடாமலே வந்து உட்கார்ந்த அந்த ஞாயிற்றுக்கிழமைகளைவிட அவருடைய பக்திக்குப் பெரிய சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் சொத்துத் தகராறு, மருமக்களோடு இருந்த மனத்தாங்கல் போன்றவற்றுக்கு இது இடமல்ல. மறுமொழி சொல்ல அவர் இல்லை. கடைசி நோயைப் பற்றி இரண்டு மூன்று வரிகள் போதும். எண்பது ஆண்டு வாழ்க்கையை ஆறு மாத மருத்துவமனைக் கதை மூடிவிடக் கூடாது.

வசனத்தைத் தெரிந்தெடுக்கும்போது நீதிமொழிகள் 31ஆம் அதிகாரத்தை எல்லாரும் எடுக்கிறார்கள். அது நல்ல பகுதிதான். ஆனால் அவர் கோடிட்ட வசனம் ஒன்று இருக்கும்போது அதை விட்டுவிட்டு இதற்குப் போக வேண்டியதில்லை. பேரப்பிள்ளைகளின் விசுவாசத்தைப் பற்றிச் சொல்ல விரும்பினால், 2 தீமோத்தேயு 1:5இல் பாட்டி லோவிசாளும் தாய் ஐனிக்கேயாளும் ஒன்றாகச் சொல்லப்படுகிறார்கள். மரணம், உயிர்த்தெழுதல் பற்றிய போதனையைக் குருவானவரின் செய்திக்கு விட்டுவிடுங்கள். பாட்டிலும் அப்படியே: எண்ணெய்க் கறை படிந்த பக்கத்தில் இருக்கும் கீர்த்தனையே அவருடையது. அவர் அதை எவ்வளவு மெதுவாகப் பாடுவாரோ அவ்வளவு மெதுவாகப் பாடும்படி ஆர்மோனியம் வாசிப்பவரிடம் முன்பே சொல்லிவையுங்கள்.

வாசிப்பும் அதன் பின்னும்

வாசிப்பதற்குப் பேரப்பிள்ளைகளில் மூத்த ஒருவரைத் தெரிந்தெடுப்பது நல்லது. பிள்ளைகளுக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். எழுத்தைப் பெரிதாக அச்சிட்டு, ஒரு தாளை இன்னொருவர் கையிலும் கொடுத்துப் பக்கத்தில் நிறுத்திவையுங்கள். முதல் நாள் இரவு ஒருமுறை உரக்க வாசித்துப் பாருங்கள். நாக்கு இடறுகிற இடத்தில் வாக்கியத்தை உடையுங்கள்.

கல்லறைக் கல்லுக்கு அவசரம் வேண்டாம். மண் அமர்வதற்கே சில மாதங்கள் ஆகும். வெட்டிய எழுத்தைத் திருத்த முடியாது என்பதால், பதிவேட்டில் பார்த்த தேதியைத் தாளில் எழுதி, இரண்டு பேர் கையொப்பமிட்டுக் கல்வெட்டுகிறவரிடம் கொடுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் தொலைபேசியில் தேதி சொல்லி, பிறந்த ஆண்டு தவறாக வெட்டப்பட்ட கல்லுக்கு முன்தான் இன்றும் கல்லறைத் திருநாளான நவம்பர் 2 அன்று மெழுகுவர்த்தி ஏற்றுகிறது.

தாயாரின் பெயரில் கோயிலுக்கு மின்விசிறியோ கடிகாரமோ வாங்கிக் கொடுக்கும் வழக்கத்தை நான் குறைசொல்லவில்லை. ஆனால் அவர் செய்துவந்த ஒன்று அவரோடு நின்றுபோகாமல் பார்த்துக்கொள்வதையே முதலில் செய்யச் சொல்வேன். எங்கள் வீட்டில் அந்தத் தூக்குவாளி இன்னும் போய்க்கொண்டிருக்கிறது.

நினைவு மலரை அச்சிடும்போது புகைப்படங்களில் இருப்பவர்களின் பெயர்களை இடமிருந்து வலமாகப் போடுங்கள். மூலப் படங்களின் பின்னால் மென்மையான பென்சிலால் மட்டுமே எழுதுங்கள், பேனா மை முன்பக்கத்துக்கு ஊறிவிடும். ஒரு பிரதியைக் கோயில் அலுவலகத்திலும் கொடுத்துவையுங்கள். கடைசியில் நான்கு பக்கங்களைக் கோடு போட்டு வெறுமையாக விடுங்கள். முதலாமாண்டு நினைவு ஆராதனைக்கு வருகிறவர்கள், "இதை நீங்கள் எழுதவில்லையே" என்று தொடங்குவார்கள். அப்போது புத்தகத்தையும் பேனாவையும் அவர்கள் கையிலேயே கொடுத்துவிடலாம். எங்கள் பிரதியில் இப்போது பதினான்கு பேர் எழுதியிருக்கிறார்கள். கடைசியாக எழுதியவர், காலையில் தெருவில் மீன் கொண்டுவருகிற அம்மாள். அவருக்கு எழுத வராது என்பதால் அவர் சொல்லச் சொல்ல என் மகள் எழுதினாள். பெரிய வெள்ளிக்கு முந்தின வாரங்களில் அம்மா மீன் வாங்கமாட்டாராம். ஆனால் அந்த அம்மாளைத் திண்ணையில் உட்காரவைத்து, வாங்கியிருந்தால் என்ன விலையோ அதைக் கையில் கொடுத்து, கருப்பட்டிக் காப்பி தந்து அனுப்புவாராம்.